ரோபோ அணியில் எல்லாப் பிள்ளைகளும்: ஒரே அணியா, இணை அணியா, தனி வகுப்பா?

பெரியபட்டினம் பக்கத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருப்பவர் போன மாதம் போனில் கேட்டார். “சார், ரோபோ அணிக்குப் பெயர் கொடுக்கச் சொன்னேன். பதினோரு பேர் வந்தாங்க. அதில் மூணு பேர் மாற்றுத்திறனாளிப் பிள்ளைங்க. எட்டாம் வகுப்பில் காது கேட்காத ஒரு பொண்ணு, ஒன்பதாம் வகுப்பில் பெருமூளை வாதம் உள்ள ஒரு பையன், ஏழாம் வகுப்பில் அறிவுசார் குறைபாடு உள்ள இன்னொரு பையன். இவங்களுக்குத் தனியா ஒரு வகுப்பு வெச்சிடுங்கன்னு ஹெச்.எம். சொல்றார். எனக்கு மனசு ஒப்பல. ஆனா அணியில் சேர்த்தா போட்டிக்கு எப்படிப் போறது?”

இதே கேள்வியை மண்டபத்திலிருந்து ஒரு அப்பாவும் தொண்டியிலிருந்து ஒரு சிறப்பாசிரியரும் வேறு வார்த்தைகளில் கேட்டிருக்கிறார்கள். நான் இந்த ராமநாதபுரம் கரையில் ஒரு பள்ளியில் ஏழு வருஷமாக ரோபோ அணி நடத்துகிறேன். மூன்று வழிகளையும் செய்து பார்த்துவிட்டேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஹெச்.எம்.மிடம் பேசுவதற்கு ஒரு தகவல் கையில் இருக்கட்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 1995 சட்டத்தில் ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளை 21 ஆக்கியது. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, தசைச்சிதைவு எல்லாம் அப்போதுதான் உள்ளே வந்தன. அரசு நிதி பெறும் பள்ளியும் அங்கீகாரம் பெற்ற பள்ளியும் இந்தப் பிள்ளைகளைப் பாகுபாடு இல்லாமல் சேர்த்து, படிப்பிலும் விளையாட்டிலும் மற்றவர்களுக்குச் சமமான வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். ஆகவே இவர்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது பேச்சே இல்லை. எப்படிச் சேர்ப்பது என்பதுதான் நாம் முடிவு செய்ய வேண்டியது.

## எதை வைத்து முடிவெடுப்பது

என் முதல் அளவுகோல், கை. ஒரு மணி நேரப் பயிற்சியில் அந்தப் பிள்ளையின் கை எத்தனை நிமிஷம் ரோபோவின் மேல் இருந்தது? ஸ்க்ரூ முடுக்குவதை மட்டும் சொல்லவில்லை. எந்தச் சக்கரம் போடலாம், எத்தனை செ.மீ. தூரத்தில் நிற்கச் சொல்லலாம் என்று அந்தப் பிள்ளை எடுத்த முடிவு ஒன்றாவது ரோபோவில் இருக்கிறதா என்பதையும் சேர்த்துத்தான்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் வருஷம் காலில் காலிப்பர் (நடக்கத் தாங்கலாகப் பூட்டும் சட்டம்) போட்ட ஒரு பையனை அணியில் சேர்த்தேன். போஸ்டருக்கு வண்ணம் அடிப்பது, போட்டோ எடுப்பது என்று அவனுக்கு வேலை கொடுத்தேன். குழு போட்டோவில் நடுவில் நின்றான், சான்றிதழில் பெயர் வந்தது, எனக்கும் திருப்தியாக இருந்தது. மார்ச் மாதம் சாமான்களை எடுத்து வைக்கும்போது அவன் கேட்டான்: “சார், நம்ம ரோபோவில் எத்தனை மோட்டார் இருக்கு?” ஆறு மாதம் அணியில் இருந்த பையன் கேட்ட கேள்வி அது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்தது போட்டி விதி. எத்தனை பேர், எவ்வளவு நேரம், மேசையில் யார் நிற்கலாம் என்பதை வைத்தே பாதி முடிவாகிவிடும். மூன்றாவது, கூட இருக்கப்போகும் பெரியவர். நீங்கள் ஒருவரேயா, வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் வாரத்தில் ஒரு நாளாவது வருவாரா? நான்காவது, பணமும் பயணமும். ஐந்தாவது, அடுத்த வருஷம் நீங்கள் மாறுதலாகிப் போனாலும் இது நடக்குமா?

கடைசியாக ஒன்று, எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது: பிள்ளையைக் கேளுங்கள். அப்பா அம்மாவை மட்டும் கேட்டு முடிவு செய்யாதீர்கள். “போட்டிக்குப் போக ஆசையா, செய்ய மட்டும் ஆசையா?” என்று கேட்டால் பத்து வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெளிவான பதில் இருக்கும்.

## வழி 1: இருக்கிற அணியிலேயே சேர்ப்பது

காது கேட்காத பிள்ளை, பார்வை குறைந்த பிள்ளை, கை கால் அசைவில் சிரமம் உள்ள பிள்ளை ஆகியோருக்கு நான் முதலில் பார்ப்பது இந்த வழியைத்தான். பாடம் புரிவதில் இவர்களுக்குத் தடை இல்லை. தடை சாமானில் இருக்கிறது, நாம் பேசும் விதத்தில் இருக்கிறது. இரண்டையும் மாற்ற முடியும்.

எங்கள் அணியில் காது கேட்காத ஒரு பிள்ளை இருந்தாள். வண்டி நேராகப் போகாமல் இடதுபக்கம் இழுத்துக்கொண்டே இருந்தது. மற்ற நான்கு பேரும் புரோகிராமில் தப்பு தேடினார்கள். இவள் இரண்டு விரலைச் சட்டத்தின் மேல் வைத்துப் பார்த்தாள், சக்கரத்துக்குச் சக்கரம் விரலை மாற்றினாள், அப்புறம் இடது மோட்டாரைக் காட்டித் தலையாட்டினாள். கழற்றினால் உள்ளே கியரில் ஒரு பல் தேய்ந்திருந்தது. மின்விசிறிச் சத்தத்தில் காது கேட்கிறவர்கள் யாருக்கும் அது பிடிபடவில்லை. அந்த வருஷம் ஓட விடுவதற்கு முன் வண்டியைத் தொட்டுப் பார்த்துச் சரி சொல்வது அவள் பொறுப்பாயிற்று.

மாற்றங்கள் பெரும்பாலும் சின்னவைதான். பஸ்ஸர் வரும் இடத்தில் ஒரு எல்.இ.டி. சேர்ப்பது. “மூன்று, இரண்டு, ஒன்று” என்று வாயால் சொல்லித் தொடங்குவதற்குப் பதில் கையசைத்துத் தொடங்கும்படி நடுவரிடம் முன்பே கேட்டு வைப்பது. பார்வை குறைந்த பிள்ளைக்கு, ஒலியலையால் தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சாரோடு பஸ்ஸரை இணைத்துவிட்டால், சுவர் நெருங்க நெருங்க சத்தம் வேகமாகும். அந்தச் சென்சார் 2 செ.மீ. முதல் 4 மீட்டர் வரை அளக்கும் என்பதால் வண்டி எங்கே இருக்கிறது என்று காதாலேயே சொல்லிவிடலாம். பிளாக்குகளை மவுஸால் இழுத்துப் போடும் கோடிங் இவர்களுக்கு ஒத்துவராது. எழுத்தில் எழுதும் கோடிங்கை நோட்பேடில் எழுத வையுங்கள். என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பு மென்பொருள் இலவசம், தமிழும் வாசிக்கும்.

பிடி தளர்ந்த கைக்கு நாங்கள் கண்டுபிடித்தது வலை மிதவை. தங்கச்சிமடத்தில் பழைய வலை பிரிக்கும் இடத்தில் சும்மாவே கிடைக்கும், நடுவில் ஓட்டை இருக்கும். ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியில் அதைச் செருகி, ஆட்டம் இருந்தால் சைக்கிள் டியூப் ரப்பரைச் சுற்றினால், உள்ளங்கை முழுக்கப் பிடிக்கிற தடிமன் வந்துவிடுகிறது. ராமேசுவரத்தில் பிறந்து ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளியில் படித்த அப்துல் கலாம், ஏவுகணைக்காக உருவான கூட்டுப்பொருளில் போலியோ பாதித்த பிள்ளைகளுக்குக் காலிப்பர் செய்ய வழி செய்தார். மூன்று நான்கு கிலோ கனத்தது அரைக் கிலோவுக்கும் கீழே இறங்கியது. அவர் காலிப்பரையே மாற்றியிருக்கிறார். நாம் ஒரு ஸ்க்ரூ டிரைவர் பிடியை மாற்றலாம்.

இந்த வழியின் ஆபத்து கடைசி இரண்டு வாரத்தில்தான் வரும். போட்டி நெருங்கும்போது “நீ மெதுவா செய்யுற, நான் செஞ்சிடுறேன்” என்று ஒரு குரல் கிளம்பும். அந்தக் குரல் பெரும்பாலும் நம்முடையதாகவே இருக்கும். எந்தப் போட்டி என்பதும் முக்கியம். வேர்ல்டு ரோபோ ஒலிம்பியாடில் ஒரு அணிக்கு இரண்டு பேர் அல்லது மூன்று பேர்தான். வேகம் தேவை. ஃபர்ஸ்ட் லெகோ லீக்கின் சேலஞ்ச் பிரிவில் பத்து பேர் வரை சேரலாம். மேசையில் ஓட்டம் இரண்டரை நிமிஷம்தான், ஆனால் வடிவமைப்பு, ஆய்வுத் திட்டம் ஆகியவற்றை நடுவர்களிடம் விளக்குவதற்கும் மதிப்பெண் உண்டு. எல்லோரையும் சேர்த்துக்கொள்வதை அடிப்படை மதிப்புகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறார்கள். விதிகள் மாறும், அந்த வருஷத்து விதிப்புத்தகத்தைப் பார்த்துவிடுங்கள். இரண்டில் ஒன்றைத் தேர்வு செய்யும் நிலை வந்தால் பிள்ளைகளை வடிகட்டாதீர்கள், போட்டியை மாற்றுங்கள்.

தசைச்சிதைவு உள்ள பிள்ளை என்றால் இன்னொன்றும் யோசிக்க வேண்டும். இன்றைக்கு முடுக்க முடிகிற கைக்கு அடுத்த வருஷம் முடியாமல் போகலாம். முதல் நாளிலிருந்தே கோடிங்கையும் கற்றுக்கொடுத்து வைத்தால், ஒரு வேலை கை நழுவும்போது இன்னொன்று கையில் இருக்கும். மூன்றரை மணிக்கு மேல் அவனுக்கு அலுப்பு வரும். பயிற்சியை மதிய இடைவேளையிலோ சனிக்கிழமை காலையிலோ வையுங்கள்.

## வழி 2: இணை அணி

குறைபாடு உள்ள பிள்ளை ஒருவர், இல்லாத பிள்ளை ஒருவர். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு ரோபோ. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பள்ளி மாணவி தொடங்கி, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான விளையாட்டு அமைப்பான ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸின் துணையோடு வளர்ந்த யுனிஃபைடு ரோபாட்டிக்ஸ் இந்த வழியில்தான் போகிறது. அங்கே வட்டத்துக்குள் இரண்டு ரோபோக்கள் ஒன்றையொன்று தள்ளும் சுமோ ஆட்டம் பிரபலம். அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு என் அனுபவத்தில் இதுவே மிகவும் ஒத்துவருகிறது.

எங்கள் பிள்ளைகளுக்கு சுமோவைவிடப் பிடித்தது பாம்பன் பாலம். பழைய ரயில் பாலத்தின் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து மேலே விரியும், 1914 முதல் ஆட்கள் கையால் சுற்றித்தான் திறந்தார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே 17 மீட்டர் மேலே ஏறும். இதன் மாதிரியை இணையாகச் செய்யும்போது வேலை தானாகவே இரண்டாகப் பிரிகிறது. ஆளுக்கு ஒரு கோபுரம், ஆளுக்கு ஒரு மோட்டார். பேட்டரியில் ஓடும் சின்ன பி.ஓ. மோட்டார்கள் இரண்டு ஒருநாளும் ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை. ஒரு பக்கம் முந்தினால் பாலம் சாய்ந்து கோபுரத்தில் சிக்கிக்கொள்ளும். ஒருவர் மட்டும் கெட்டிக்காரராக இருந்து பயன் இல்லை.

அறிவுசார் குறைபாடு உள்ள ஒரு பையனுக்கு அவனுடைய கோபுரத்தின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ரேடியோ வால்யூம் மாதிரி ஒரு திருகு வைத்துக் கொடுத்தோம். பாலத்தின் மேல் கொத்தனாரின் சின்ன ரசமட்டம். குமிழி நடுவில் இருந்தால் பாலம் நேராக இருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான் சொன்னோம். முதல் நாள் திருகை முழுக்கத் திருப்பினான், பாலம் கவிழ்ந்தது. மூன்றாம் வாரத்தில் குமிழியை விட்டுக் கண்ணை எடுக்காமல் திருகை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினான். இணையான பெண் தன் கோபுரத்தை வேகமாக ஓட்டியபோது கையைத் தூக்கி “நில்லு” என்றான். அவள் நிறுத்தினாள். அவன் பக்கம் ஏறி வரும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.

இணை அணி கெட்டுப்போவது ஒரே இடத்தில்: துணைப் பிள்ளை எல்லாவற்றையும் செய்துவிடும். அன்பினால்தான் செய்யும், அதனால் கண்டிக்கவும் மனம் வராது. நாங்கள் ஒரு விதி வைத்தோம். இணையின் பக்கத்து சாமானைத் தொடுவதற்கு முன் கேட்க வேண்டும், தலையாட்டினால்தான் தொடலாம். அப்புறம் ஒரு பருவத்துக்கு ஒரு முறை இணையை மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் துணைப் பிள்ளை ஆயா வேலை பார்க்கிறமாதிரி ஆகிவிடும், அதற்கும் அது நியாயம் இல்லை.

குறை என்று பார்த்தால், வெளியூர்ப் போட்டிகளில் இணை அணிக்கென்று தனிப் பிரிவு தேடித்தான் பிடிக்க வேண்டும். பக்கத்துப் பள்ளிகள் இரண்டைச் சேர்த்து நீங்களே ஒரு சனிக்கிழமை நடத்திவிடலாம். ரோபோ சாமான் தொகுப்பான கிட் எண்ணிக்கையும் அதிகம் வேண்டும். ரோபோவின் மூளையான ஆர்டுயினோ பலகை, மோட்டார் டிரைவர், சக்கரம், சென்சார், பேட்டரி எல்லாம் சேர்த்து ஒரு சாதாரண வண்டிக்கு 1,500 ரூபாய் போல ஆகும். ஐந்து இணைக்கு அதை ஐந்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

## வழி 3: தனி வகுப்பு

உங்கள் ஹெச்.எம். சொல்வது இதைத்தான். இதை ஒரேயடியாக ஒதுக்கவும் நான் தயாராக இல்லை.

கூட்டத்தையும் சத்தத்தையும் கண்டு காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளைக்கு, பத்துப் பேர் கத்தும் லேபில் முதல் நாளே உட்காரச் சொல்வது கொடுமை. சைகை மொழியிலேயே பேசி வளரும் பிள்ளைகள் நாலைந்து பேர் ஒரே இடத்தில் இருந்தால், அவர்கள் மொழியிலேயே நடக்கும் வகுப்பில் அரட்டையும் சண்டையும் போட்டியும் சரளமாக வரும். மத்திய அரசின் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மையம் 10,000 சொற்களுக்கு அகராதி போட்டிருக்கிறது. அதில் கிடைக்காத சொல்லுக்குப் பிள்ளைகளே சைகை உண்டாக்கிக்கொள்வார்கள். ‘சென்சார்’ என்பதற்கு எங்கள் பிள்ளைகள் வைத்தது, நண்டு கண்ணை நீட்டுகிற மாதிரி இரண்டு விரலை நீட்டுவது. காது கேட்கும் பிள்ளைகளும் அதை இன்றுவரை பயன்படுத்துகிறார்கள்.

சிறப்பாசிரியர் வரும் நாளில் வகுப்பை வைத்தால் வழி 1, வழி 2 இரண்டிலும் கிடைக்காத கவனம் இங்கே கிடைக்கும். ஆனால் தனி வகுப்புக்கு எப்போதும் பழைய கிட்தான் வரும். உடைந்த சக்கரம், சார்ஜ் நிற்காத பேட்டரி. பள்ளியில் ஆள் குறைந்தால் முதலில் ரத்தாவதும் அந்த வகுப்புதான். அப்புறம் மற்ற பிள்ளைகளுக்கு இவர்கள் அங்கே என்ன செய்கிறார்கள் என்றே தெரியாமல் போய்விடுகிறது. எங்கள் பள்ளியில் ஒரு வருஷம் தனி வகுப்பு நடந்தது. வருஷக் கடைசியில் அந்த வகுப்பில் இருந்த பிள்ளைகளின் பெயர்கூட ரோபோ அணிப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. ஒரே தாழ்வாரத்தில் எதிரெதிர் அறையில் இருந்தார்கள்.

ஆகவே தனி வகுப்பு வைத்தால் முடியும் தேதியை முதல் நாளே பலகையில் எழுதிப் போடுங்கள். எட்டு வாரம் போதும். ஒன்பதாவது வாரம் இணை அணிக்கோ பெரிய அணிக்கோ போக வேண்டும். தேதி எழுத முடியாது என்று ஹெச்.எம். சொன்னால், இந்த வழியை எடுக்காதீர்கள்.

## மூன்றையும் பக்கத்தில் வைத்தால்

| | ஒரே அணி | இணை அணி | தனி வகுப்பு |
|---|---|---|---|
| கை ரோபோவில் படுவது | வேலையைப் பிரித்துக் கொடுத்தால் உண்டு | நிச்சயம் உண்டு | உண்டு |
| வெளிப் போட்டி | எளிது | நாமே நடத்த வேண்டும் | அநேகமாக இல்லை |
| கிட் செலவு | ஒரு ரோபோ | இணைக்கு ஒரு ரோபோ | குறைவு, பழையதுதான் வரும் |
| பெரியவர் | ஒருவர் சமாளிக்கலாம் | இருவர் நல்லது | சிறப்பாசிரியர் அவசியம் |
| எதில் கெடும் | கடைசி இரண்டு வாரம் | துணையே எல்லாம் செய்வதில் | முடியாமல் இழுப்பதில் |

## பட்ஜெட்டில் யாரும் எழுதாத செலவுகள்

பள்ளியில் அடல் டிங்கரிங் லேப் (பிள்ளைகள் கையால் செய்து பழக மத்திய அரசு அமைக்கும் கூடம்) இருந்தால் சாமானுக்குக் கவலை இல்லை. அந்தத் திட்டத்தில் ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை தருகிறார்கள். ஆனால் அந்த லேப் மாடியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாடியில் இருந்தால் வாரம் இரண்டு நாள் பெட்டியைக் கீழே இறக்க வேண்டும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவதை ஒருநாளும் வழக்கமாக்காதீர்கள். ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு அது எவ்வளவு கூச்சம் என்று அவன் முகத்தைப் பார்த்தால் தெரியும்.

வெளியூருக்குப் போகும்போது இதே கதைதான் பெரிதாக வரும். ஒரு போட்டியில் சாய்தளம் இருக்கிறது என்று போனில் சொன்னார்கள். போனால் வாசலில் சாய்தளம், போட்டி நடப்பது முதல் மாடியில். லிஃப்ட் வேலை செய்யவில்லை. அன்றிலிருந்து போட்டோ அனுப்பச் சொல்லித்தான் பெயர் கொடுக்கிறேன்: வாசல், மேசை, கழிப்பறை, மூன்றுக்கும். ராமேசுவரத்திலிருந்து மதுரைக்கே 170 கிலோமீட்டர். விடிகாலையில் கிளம்பினால் போட்டி தொடங்கும் முன்பே பிள்ளை களைத்துப் போகும். முந்தின நாள் போய்த் தங்கும் செலவையும் துணைக்கு வரும் அம்மாவின் ஒரு நாள் கூலியையும் கணக்கில் சேருங்கள்.

நம் ஊருக்கே உரிய கணக்கும் ஒன்று உண்டு. விசைப்படகு கடலுக்குப் போகும் நாளில் அப்பா வீட்டில் இருக்க மாட்டார். நடக்க முடியாத பிள்ளையைக் கூட்டிப்போக ஆள் இருக்காது. பயிற்சி நாளைக் குறிக்கும் முன் எந்த நாள் படகு போகும் நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அது கோடை விடுமுறையோடு சேர்ந்து வருகிறது. அப்பாக்கள் கரையில் இருப்பார்கள், தினமும் கொண்டுவந்து விடுவார்கள். முகாமுக்கு அதைவிட நல்ல நேரம் இல்லை. ஆனால் வீட்டில் காசு இருக்காது, அந்த இரண்டு மாதம் ஒரு ரூபாய்கூடக் கட்டணம் கேட்கக் கூடாது.

உப்புக்காற்றும் செலவுதான். ஜம்பர் வயரின் முனை சீக்கிரம் பச்சை பூத்துவிடும். விரல் பலம் குறைந்த பிள்ளை அழுத்திச் செருகியும் இணைப்பு கிடைக்காதபோது தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்ளும். வயர்களைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள், வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

## பெரியபட்டினத்து மூன்று பிள்ளைகளுக்கு

எட்டாம் வகுப்புப் பெண்ணை நேராகப் பெரிய அணியில் சேருங்கள். அவளுக்காக ஆசிரியர் மட்டும் சைகை கற்றால் போதாது, அணியில் உள்ள எல்லோரும் ரோபோ வேலைக்கான இருபது முப்பது சைகைகளை அவளிடமே கற்றுக்கொள்ளட்டும்.

ஒன்பதாம் வகுப்புப் பையனும் அணியில்தான். அவன் கை எதைச் செய்யும் என்பதை ஒரு மணி நேரம் உட்கார்ந்து அவனோடு பாருங்கள். மவுஸ் பிடிபடவில்லை என்றால் கைமுட்டியால் அழுத்தக்கூடிய பெரிய பட்டன் ஒன்றை அவனையே வடிவமைக்கச் சொல்லுங்கள். அணியின் முதல் திட்டமாகவே அது இருக்கலாம்.

ஏழாம் வகுப்புப் பையனை இணையில் சேருங்கள். அவனுக்கு இணை யார் என்பதை நீங்கள் முடிவு செய்யாமல் அவனிடமே விடுங்கள். முதல் இரண்டு வாரம் சிறப்பாசிரியர் வரும் நாளில் அவனை மட்டும் தனியாக உட்கார வைத்து மோட்டார், சுவிட்சு, பேட்டரி மூன்றையும் பழக்கினால் நல்லது.

ஹெச்.எம்.மிடம் மூன்று பேருக்கும் ஒரே முடிவு வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் கேட்பது இப்போதைக்கு ஒன்றுதான்: லேபில் இருக்கும் மேசையின் அடிப்பலகைக்கும் தரைக்கும் நடுவே எத்தனை செ.மீ. என்று அளந்து சொல்லுங்கள். ஒன்பதாம் வகுப்புப் பையன் சக்கர நாற்காலியில் வந்தால் அவன் முழங்கால் உள்ளே போக 70 செ.மீ. போல வேண்டும். குறைந்தால் மேசைக் காலுக்குக் கட்டை வைக்க இங்கிருந்து ஒரு தச்சரை அனுப்புகிறேன், படகு வேலை பார்த்தவர்.